பழைய அணு உலைக்கு இன்னும் 20 வருஷம்னு நியூஸ் வந்தா அத எப்படிப் படிக்கிறது

போன மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அக்கா மகன் ஒரு நியூஸ் போட்டான், அமெரிக்காவுல பழைய அணுமின் நிலையங்களுக்கு மொத்தம் 80 வருஷம் ஓடலாம்னு லைசென்ஸ் குடுக்குறாங்களாம். அடுத்த நிமிஷமே சித்தப்பா கிட்டருந்து வாய்ஸ் மெசேஜ், "என் காடி 18 வருஷத்துலயே துரு புடிச்சி அடியில ஓட்ட விழுந்துடுச்சு, இது 80 வருஷமா?" அதுக்குக் கீழ அத்தை ஒரு முருகன் படம் போட்டாங்க, அதோட பேச்சு முடிஞ்சிச்சு. ஆனா பையன் விடல, தனியா கூப்பிட்டுக் கேட்டான், "மாமா, நீங்கதான பைப்போட கனம் அளக்குற ஆளு, இத நம்பலாமா நம்பக் கூடாதா?"

நான் பினாங்குப் பக்கம் பிறையில 20 வருஷத்துக்கு மேல என்டிடி வேல பாக்குறவன். அதாவது சாமான அறுக்காம ஒடைக்காம உள்ள வெடிப்பு இருக்கா, துரு தின்னு கனம் கொறஞ்சிருக்கான்னு பாக்குற வேல. பாய்லர், ஆயில் டேங்க், செம்பனை ஆலையோட ஸ்டெரிலைசர், இதுதான் நம்ம உலகம். அணுமின் நிலையத்துக்குள்ள நான் வேல பாத்ததில்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா இரும்பு பழசாகுற விதம் எங்கயும் ஒன்னுதான், எந்த நாட்டுப் பைப்பா இருந்தாலும் தண்ணி வேகமா திரும்புற எடத்துலதான் மொதல்ல தேயும். மாமாக் கடையில ஒக்காந்து அவனுக்கு ரெண்டு மூனு சாயங்காலமா சொன்னதத்தான் இங்க எழுதுறேன்.

நமக்கு எதுக்கு இதெல்லாம், மலேசியாவுல அணுமின் நிலையமே இல்லையேன்னு கேப்பீங்க. சரிதான், நம்மகிட்ட இருக்கிறது பாங்கியில ஒரு சின்ன ஆராய்ச்சி உலை, ட்ரிகா புஸ்பாத்தின்னு பேரு, 1 மெகாவாட், கரண்டு எடுக்குறதுக்கு இல்ல. அதுவே மொத மொத ஓடுனது 1982 ஜூன்ல, இப்ப 40 தாண்டியாச்சு. ஆனா அரசாங்கம் மறுபடியும் அணுசக்தியப் பத்திப் பேச ஆரம்பிச்சிருக்கு, பேசுறவங்க எல்லாம் புது உலையப் பத்தியே பேசுறாங்க. புது உலைன்னா 60 வருஷக் கணக்குல டிசைன் பண்றது, அத கட்டி முடிச்ச மறுநாள்லருந்தே அது பழசாக ஆரம்பிச்சிடும், கடைசி 30 வருஷத்தப் பாக்கப் போறது நம்ம பேரப்பிள்ளைங்க. இப்ப ஒலகத்துல ஓடிக்கிட்டிருக்கிற உலைங்கள்ல மூனுல ரெண்டு பங்கு 30 வயசு தாண்டினதுதான். அதனால பழச எப்படிக் கண்காணிக்கிறாங்கன்னு இப்பவே தெரிஞ்சிக்கிறது நல்லது.

மொத வேல: தலைப்புல இருக்கிற வயச ஓரமா வையுங்க

40 வருஷ லைசென்ஸ் முடிஞ்சும் ஓட்டுறாங்கன்னு படிச்ச உடனே எல்லாரும் நெனைக்கிறது, மருந்து டப்பாவுல இருக்கிற எக்ஸ்பைரி தேதி மாதிரின்னு. அப்படி இல்ல. அமெரிக்காவுல அந்த 40 வந்தது 1954-ம் வருஷச் சட்டத்துலருந்து, அதுவும் பொருளாதாரக் கணக்கும் ஏகபோகத் தடுப்புக் கணக்கும் பாத்து வச்ச நம்பர், உலை அவ்ளோதான் தாங்கும்னு வச்சது இல்ல. இத சொல்றது அவங்க ரெகுலேட்டர், அதாவது அணு உலைங்களோட பாதுகாப்பக் கண்காணிக்கிற அரசு அமைப்பு, என்.ஆர்.சி.யே. ஆனா அதே மூச்சுல இன்னொன்னும் சொல்றாங்க, சில சாமான்கள 40 வருஷம்னு மனசுல வச்சே டிசைன் பண்ணியிருக்கலாம்னு. ரெண்டையும் சேத்துப் படிக்கணும், ஒன்ன மட்டும் புடிச்சிக்கிட்டு சண்ட போடாதீங்க.

ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வேற. அமெரிக்காவுல ஒரு தடவைக்கு 20 வருஷம் நீட்டிக்கலாம், 60 ஆனதும் மறுபடி கேட்டு 80 வரைக்கும் போகலாம். ஜப்பான்ல ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் 40, அதுக்கு மேல ஒரே ஒரு தடவ 20ன்னு வச்சாங்க, பின்னாடி 2023ல சட்டத்த மாத்தி, நிறுத்தி வச்சிருந்த வருஷங்கள அந்தக் கணக்குலருந்து கழிச்சிக்கலாம்னு வழி பண்ணிட்டாங்க. பிரான்ஸ்ல கடைசித் தேதியே கெடையாது, 10 வருஷத்துக்கு ஒரு தடவ உலைய நிறுத்தி முழுசாப் பிரிச்சிப் பாத்து ரெகுலேட்டர் சரின்னு சொன்னா அடுத்த 10. இந்தியாவுல லைசென்ஸ் 5 வருஷத்துக்கு மேல குடுக்குறதில்ல, அதோட 10 வருஷத்துக்கு ஒரு பெரிய பரிசோதனை. சுவிட்சர்லாந்துல பத்திரமா இருக்கிற வரைக்கும் ஓட்டுன்னு விட்டுட்டாங்க, அங்க பெஸ்னாவ் உலை 1969லருந்து இருக்கு, நம்ம மும்பை பக்கத்துல இருக்கிற தாராப்பூர் மொத ரெண்டு உலையும் அதே 1969தான்.

வயசு எவ்ளோ ஏமாத்தும்னா, 2021 கடைசியில பிரான்ஸ்ல அவசரத்துக்குக் குளிர்த் தண்ணி அனுப்புற பைப்புல வெடிப்பு கண்டுபுடிச்சாங்க, அது எந்த உலையிலன்னு நெனைக்கிறீங்க, சிவோன்னு ஒரு எடத்துல, அந்த நாட்டுலயே வயசு கொறஞ்ச உலைங்கள்ல ஒன்னு. பைப் போன வளைவும் வெல்டிங்கும்தான் பிரச்சன. அதத் தேடப் போயி ஒன்னொன்னா நிறுத்த வேண்டியதாப் போச்சு, 2022ல அவங்களோட மொத்த அணுமின் உற்பத்தி 279 டெராவாட் ஹவர், 1988க்கு அப்புறம் அவ்ளோ கீழ எறங்குனதே இல்ல. பினாங்குல தைப்பூசத்துக்கு வர்ற செட்டியார் வெள்ளி ரதத்துக்கு 130 வயசு இருக்கும், யாராச்சும் அதோட வயசக் கேக்குறமா? அச்சு நல்லா இருக்கா, யாரு பாத்தாங்கன்னுதான கேக்கணும்.

ரெண்டாவது: பாக்குறவன் யாரு, அவனால நிறுத்த முடியுமா

நம்ம ஊரு ஆலைக்காரங்களுக்கு இது சட்டுன்னு புரியும். பாய்லருக்கும் பிரஷர் வெசலுக்கும் ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு இலாகா) ஆபிசர் வந்து பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் ஓட்டலாம், 15 மாசத்துக்கு ஒரு தடவன்னு கேட்டே வளந்தவங்க நாங்க. அந்த ஆபிசர் வர்ற அன்னிக்கு தௌக்கே (மொதலாளி) மொகம் எப்படி இருக்கும்னு பாத்தவனுக்குத் தெரியும் ரெகுலேட்டர்னா என்னான்னு. அவரு பேனாவ எடுத்து வேணாம்னு எழுதிட்டா ஆலை நிக்கும், அதான் விஷயம்.

அணு உலையில இதையே கேளுங்க. ஜப்பான்ல 2011 வரைக்கும் பாதுகாப்பப் பாத்த அமைப்பு எந்த அமைச்சுக்குக் கீழ இருந்துச்சுன்னா, அணுசக்திய வளக்கணும்னு இருந்த அதே பொருளாதார வர்த்தக அமைச்சுக்குக் கீழ. ஃபுகுஷிமா 1-ம் உலை 1971 மார்ச்சுல ஓட ஆரம்பிச்சது, 40 வருஷம் முடியப் போகுதுன்னு 2011 பிப்ரவரில இன்னும் 10 வருஷம் ஓட்டலாம்னு குடுத்தாங்க. அடுத்த மாசம் 11-ம் தேதி சுனாமி. இத சொன்னா பையன் உடனே "அப்ப பழசுனாலதான் வெடிச்சிச்சா?"ன்னான். அப்படிச் சொல்ல முடியாது. அலை ஒசரத்த கட்டும்போது 3.1 மீட்டர்னும், 2002ல 5.7 மீட்டர்னும் கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க, வந்தது கிட்டத்தட்ட 15 மீட்டர், டீசல் ஜெனரேட்டர் முழுகிடுச்சு. ஆனா அந்தப் பழைய கணக்க மாத்தியே ஆகணும்னு யாரும் கிண்டி எடுத்து வற்புறுத்தலயே, அதுதான் பழசு. இரும்பு மட்டும் பழசாகறதில்ல, பேப்பர்ல இருக்கிற கணக்கும் பழசாகும். 2012 செப்டம்பர்ல புது ரெகுலேட்டர உண்டாக்கி அந்த அமைச்சுலருந்து பிரிச்சி வச்சாங்க.

இந்தியாவுல ரெகுலேட்டர் ஏ.இ.ஆர்.பி. 1983லருந்து இருக்கு, நல்ல இன்ஜினியருங்க நெறைய பேரு, ஆனா அது அணுசக்தி அமைப்புக்குள்ளயே இருந்துச்சு, தனிச் சட்டப் பலம் போதலன்னு 2012ல அவங்க நாட்டுத் தணிக்கை அலுவலகமே அறிக்கை குடுத்திருக்கு. நம்ம நாட்டுல 1984-ம் வருஷச் சட்டம், 304ன்னு நம்பரு, அதுக்குக் கீழ லைசென்ஸ் குடுக்குறது தனியா, பாங்கி உலைய ஓட்டுறது தனியா இருக்கு. ஆராய்ச்சி உலைக்கு அது போதும். 1,000 மெகாவாட் வந்தா எத்தன இன்ஸ்பெக்டர் வேணும், அவங்களுக்கு யாரு சம்பளம், அமைச்சர் போன் போட்டா யாரு எடுக்கணும், இதெல்லாம் உலை வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி.

சுதந்திரமான ரெகுலேட்டர் இருந்தாலும் தப்பு நடக்கும். அமெரிக்காவுல ஒஹாயோ பக்கம் டேவிஸ்-பெஸின்னு ஒரு நிலையம். 2001ல என்.ஆர்.சி. இந்த வகை உலைங்களுக்கு ஒரு நோட்டீஸ் விட்டாங்க, உலைய அடக்கியிருக்கிற பெரிய இரும்புப் பாத்திரம், அதான் வெசல், அதோட மூடி மேல இருக்கிற குழாய்ங்கள்ல வெடிப்பு வருது, சந்தேகம் கூடுதலா இருக்கிறவங்க வருஷக் கடைசிக்குள்ள பாத்துடுங்கன்னு. டேவிஸ்-பெஸி கம்பெனி, எரிபொருள் மாத்த எப்படியும் நிறுத்தத்தான் போறோம், அது வரைக்கும் பொறுங்கன்னு கேட்டாங்க, பேசிப் பேசி 2002 பிப்ரவரி பாதி வரைக்கும் டைம் குடுத்தாச்சு. மார்ச்சுல ஒரு குழாய ரிப்பேர் பண்ணப் போனா அது ஆடுது. கழட்டிப் பாத்தா வெடிப்பு வழியா கசிஞ்ச உலைத் தண்ணியில இருந்த போரிக் ஆசிட் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் கன இரும்பத் தின்னு ஒரு அன்னாசிப் பழம் வைக்கிற அளவுக்குக் குழி. உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டெயின்லெஸ் தகடு, ஒரு சென்டிமீட்டர் இருக்கும், அது மட்டும் 150 பார் பிரஷரத் தாங்கிக்கிட்டிருந்துச்சு, அந்தத் தகட்ட பிரஷர் தாங்கவே வைக்கல, துரு புடிக்காம இருக்க வச்சது.

இதுல எனக்கு வயிறு எரியறது என்னான்னா அடையாளம் எல்லாம் முன்னாடியே இருந்துச்சு. 2000ல எடுத்த போட்டோவுலயே மூடி ஓரத்துல செவப்பா துருத் தண்ணி வடிஞ்சிருக்கு. உள்ள காத்தப் பரிசோதிக்கிற ஃபில்டர் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ துருத் தூள்ல அடைச்சிக்கும், மாத்திக்கிட்டே இருந்தாங்க. ஃபில்டர் மாத்துறவன் மாத்துனான், போட்டோ எடுத்தவன் எடுத்தான். உலை ரெண்டு வருஷம் நின்னுச்சு, 2006ல கம்பெனி 2 கோடியே 80 லட்சம் டாலர் கட்டுனாங்க.

அதனால நியூஸ்ல "கால அவகாசம் கொடுக்கப்பட்டது", "அடுத்த பராமரிப்பின்போது பார்க்கப்படும்" இப்படி வார்த்த வந்தா அங்க நின்னுடுங்க. எத எதுக்காகத் தள்ளிப் போட்டாங்கன்னு பாருங்க.

மூனாவது: மாத்த முடியிறது எது, முடியாதது எது

அணுமின் நிலையத்துல கிட்டத்தட்ட எல்லாத்தையும் மாத்தலாம். பம்ப், வால்வு, கேபிள், டர்பைன், நூத்துக்கணக்கான டன் எடையுள்ள ஸ்டீம் ஜெனரேட்டரக்கூட கட்டடச் செவத்த வெட்டி வெளிய எடுத்து புதுசு வச்சிருக்காங்க. மாத்த முடியாதது ரெண்டுதான்னு வச்சிக்குங்க, உலையோட பெரிய இரும்பு வெசலும், அதச் சுத்தி இருக்கிற கான்கிரீட் கட்டடமும். 80 வருஷம் தாங்குமான்னு கேட்டா இந்த ரெண்டத்தான் கேக்குறோம்.

வெசல் எப்படிப் பழசாகும்? வெயில்ல போட்டு வச்ச பிளாஸ்டிக் வாளிய நெனச்சிக்குங்க. பாக்க வாளி அப்படியே இருக்கும், தண்ணி கூடப் புடிக்கலாம், ஒரு நாளு கீழ வச்சா டப்புன்னு ஒடையும். நியூட்ரான் வருஷக்கணக்கா அடிச்சா இரும்பும் அந்த மாதிரி நொறுங்குற குணத்துக்குப் போகும், இரும்புல செம்பு கலப்பு கூடுதலா இருந்தா இன்னும் சீக்கிரம், பழைய காலத்து வெல்டிங்ல செம்பு இருந்துச்சு. சூடா இருக்கிற வரைக்கும் பயமில்ல, அவசரத்துல ஜில்லுன்னு தண்ணி உள்ள போயி பிரஷரும் இருந்துச்சுன்னா அப்பதான் பயம்.

இத எப்படிக் கண்காணிக்கிறாங்கன்னா, கட்டும்போதே அதே இரும்புலருந்து சின்னச் சின்னத் துண்டு வெட்டி டப்பாவுல அடைச்சி வெசல் உள்பக்கம் தொங்க விட்டுடுவாங்க. அது செவத்தவிட நெருப்புக்குக் கிட்ட இருக்கிறதால சீக்கிரம் வயசாகும். அஞ்சு பத்து வருஷத்துக்கு ஒன்ன எடுத்து சுத்தியல் மாதிரி ஒரு மெஷின்ல அடிச்சி ஒடைச்சிப் பாப்பாங்க, எவ்ளோ சூட்டுக்குக் கீழ நொறுங்குதுன்னு. வெசலோட எதிர்காலத்த முன்கூட்டியே பாக்குற மாதிரி, ரொம்ப அழகான யோசன, எங்க ஆலைங்கள்ல இப்படி ஒன்னு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு நான் பொறாமப்பட்டிருக்கேன். பிரச்சன என்னான்னா 40 வருஷத்துக்குன்னு வச்ச துண்டு 80 வருஷத்துக்கு எப்படி வரும்? ஒரு நிலையத்துக்கு நீட்டிப்பு குடுத்தாங்கன்னா, கையில எத்தன துண்டு மிச்சம், கடைசியா எப்ப ஒடைச்சாங்கன்னு தேடுங்க. ரஷ்ய வகை உலைங்கள்ல இன்னொரு வழியும் உண்டு, வெசலையே அடுப்பு மாதிரி சூடாக்கி மெதுவா ஆறவிட்டு இரும்போட பழைய குணத்தத் திரும்பக் கொண்டு வர்றது, ஃபின்லாந்துல லோவீசாவுல 1996ல பண்ணியிருக்காங்க.

பெஸ்னாவ்ல 2015ல வெசல அல்ட்ராசோனிக்ல பாத்தப்ப இரும்புக்குள்ள நூத்துக்கணக்குல புள்ளி புள்ளியா சிக்னல். மூனு வருஷம் உலை நின்னுச்சு. கடைசியில அது செய்யும்போதே உள்ள மாட்டுன அலுமினியம் ஆக்சைடு துணுக்கு, ஓடுனதால வந்ததில்லன்னு நிரூபிச்சி 2018 மார்ச்சுல ஓட்டுனாங்க. பெல்ஜியத்துல தோயல் 3லயும் 2012ல ஆயிரக்கணக்குல ஹைட்ரஜன் செதில். இங்க ஒன்ன கவனிங்க, ரெண்டும் பொறந்ததுலருந்து இருந்த குறை, அப்ப இருந்த மெஷினுக்குத் தெரியல, புது மெஷினுக்குத் தெரிஞ்சிச்சு. கண்டுபுடிச்சது கெட்ட செய்தின்னு தலைப்பு வரும், நான் அத நல்ல செய்தின்னுதான் படிப்பேன்.

லிஸ்ட்ல இல்லாத பைப்

இதத்தான் நான் பையன் கிட்ட ரொம்ப நேரம் சொன்னேன், சாப்பிட்டுக்கிட்டிருந்த ரொட்டி சானாய் ஆறிப் போச்சு.

ஜப்பான்ல மிஹாமா 3-ம் உலை, 1976ல ஓட ஆரம்பிச்சது. 2004 ஆகஸ்ட் 9, வருடாந்திர ஷட்டௌனுக்கு இன்னும் சில நாளு, காண்ட்ராக்ட் ஆளுங்க டர்பைன் கட்டடத்துல சாமான் எறக்கி வச்சிக்கிட்டிருக்காங்க. மேல போன ஒரு பெரிய தண்ணிப் பைப் வெடிச்சிச்சு, 140 டிகிரி தண்ணி ஆவியா கொட்டுச்சு, அஞ்சு பேரு செத்தாங்க, ஆறு பேருக்குக் காயம். கதிர்வீச்சு இல்ல, அது ரெண்டாவது சுத்துத் தண்ணி, அதாவது உலைக்குள்ள போகாம டர்பைன் பக்கம் சுத்துற தண்ணி. அந்தப் பைப்போட கனம் புதுசுல 10 மில்லிமீட்டர், இருக்க வேண்டியது கொறஞ்சது 4.7, ஒடஞ்ச எடத்துல ரொம்ப மெலிஞ்ச பகுதி 0.4. கோழி முட்ட ஓடு அளவு.

எப்படி விட்டாங்க? 28 வருஷத்துல ஒரு தடவ கூட அந்த எடத்த அளக்கல. ஏன்னா அளக்க வேண்டிய எடங்களோட லிஸ்ட்ல அது இல்ல, லிஸ்ட் போட்ட காலத்துலயே விட்டுப் போச்சு, அப்புறம் எல்லாரும் லிஸ்டப் பாத்து கரெக்டா வேல பாத்தாங்க. 2003லயே ஒரு காண்ட்ராக்டர் இது விட்டுப் போயிருக்குன்னு பாத்துட்டாங்க, அடுத்த ஷட்டௌன்ல பாக்கலாம்னு வச்சாங்க, அதான் அந்த ஆகஸ்ட். இத்தனைக்கும் அமெரிக்காவுல சர்ரி நிலையத்துல 1986 டிசம்பர்ல இதே வகைத் தேய்மானத்துல பைப் எல்போ (வளைவு) வெடிச்சி நாலு பேரு செத்திருக்காங்க, ஒலகத்துக்கே தெரிஞ்ச பாடம்.

எனக்கு இது படிச்சித் தெரிஞ்ச கத மட்டும் இல்ல. பல வருஷத்துக்கு முன்ன வடக்குப் பக்கம் ஒரு ஆலைல (பேரு வேணாம்) கனம் அளக்கப் போனோம், ட்ராயிங்ல 46 பாயின்ட்டு, 46ம் அளந்தாச்சு, எல்லாம் நல்லா இருக்கு, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போகலாம். கூட வந்த வயசான பாய்லர்மேன், "தம்பி, அந்த மூலைல லேகிங்குக்குள்ள, சூடு போகாம சுத்தி வச்ச உறைக்குள்ள, ஒரு எல்போ இருக்கு, நாங்க ரிப்பேர் பண்ணி வச்சது, ட்ராயிங்ல இருக்காது"ன்னாரு. லேகிங்கப் பிரிச்சி ஜெல் தடவி ப்ரோப வச்சா 2.1 மில்லி, இருக்க வேண்டியது 6க்கு மேல. சூப்பர்வைசர் கோவிச்சிக்கிட்டாரு, உங்கள அளக்கச் சொன்னது 46தானன்னு. அன்னிக்கு அவரு பேசுனது இப்பவும் காதுல கேக்குது.

அதனால நீட்டிப்பு அறிக்கைல "எல்லாப் பரிசோதனையும் முடிந்தது"ன்னு இருந்தா, அந்த எல்லாம்ங்கறத யாரு எண்ணுனாங்கன்னு கேளுங்க. நல்ல நிலையத்துல லிஸ்டையே வருஷா வருஷம் சந்தேகப்படுவாங்க, மத்த நாட்டுல எங்கயாச்சும் ஒரு பைப் ஒடஞ்சா நம்ம லிஸ்ட்ல அது இருக்கான்னு தேடுவாங்க. சர்வதேச அணுசக்தி முகமை ஐ.ஏ.இ.ஏ. 10 வருஷப் பரிசோதனைக்கு 14 தலைப்பு குடுத்திருக்கு, சாமானோட நெலம, வயசாகுறது எல்லாம் அதுல வரும், கூடவே மத்த நிலையங்களோட அனுபவத்தப் பாத்தீங்களான்னு தனித் தலைப்பே உண்டு, ஆளுங்களோட பழக்கவழக்கத்துக்கும் ஒன்னு உண்டு. அதோட நீட்டிக்கப் போற நிலையத்துக்கு சால்ட்டோன்னு ஒரு குழுவ அனுப்புவாங்க, நாடு கேட்டாத்தான் வருவாங்க, சொல்றத கேக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா அவங்க அறிக்கை வெளிய வந்தா படிக்கத் தகுந்தது.

மிஹாமா 3 என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் ஜப்பான்ல 40 வயசு தாண்டி மறுபடி ஓட்டுன மொத உலை அதுதான், 2021 ஜூன்.

அடுத்து, அப்கிரேடுன்னு சொன்னா மூனு விதம்

ஒன்னு, தேஞ்சத எடுத்துட்டு அதே மாதிரி புதுசு போடறது. கனடாவுல டார்லிங்டன்ல நாலு உலை, ஒவ்வொன்னுலயும் 480 எரிபொருள் குழாய், எல்லாத்தையும் உருவி எடுத்துட்டு புதுசு, நாலுக்கும் சேத்து 1,280 கோடி கனடா டாலர் பட்ஜெட். மொத உலைக்கு 2016 அக்டோபர்ல கை வச்சது 2020 ஜூன்லதான் திரும்ப ஓடுச்சு. சென்னைக்குத் தெக்க இருக்கிற கல்பாக்கத்துலயும் இதே வேலைய 2000க்கு அப்புறம் பண்ணியிருக்காங்க, ஒரு உலைக்கு 306 குழாய், பழைய கலவை ஹைட்ரஜன உறிஞ்சி நொறுங்குற குணத்துக்குப் போகுதுன்னு வேற கலவைல மாத்துனாங்க.

ரெண்டாவது, கெட்டுப் போகல ஆனா கடையில கெடைக்காது. 1970ல செஞ்ச கன்ட்ரோல் கார்டு, அத செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. அப்ப டிஜிட்டலுக்கு மாறணும், நம்ம பாங்கி உலையோட கன்ட்ரோல் சிஸ்டமும் அனலாக்லருந்து டிஜிட்டலுக்கு மாறினதுதான். இங்க ஸ்பேர் பார்ட்ஸ் பேப்பரப் பாக்கணும். கொரியாவுல 2013ல கேபிளுக்கு டெஸ்ட் சர்ட்டிபிகேட்டே போலின்னு தெரிய வந்து ஓடிக்கிட்டிருந்த உலைங்கள நிறுத்துனாங்க, அதுவும் புது உலைங்க.

மூனாவதுதான் உண்மையான அப்கிரேடு, கட்டும்போது இல்லாத பாதுகாப்ப இப்ப சேக்குறது. ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் வெள்ளத்துக்கு மேல இருக்கிற மாதிரி கூடுதல் டீசல் ஜெனரேட்டர், லாரில கொண்டு வர்ற பம்ப், ஹைட்ரஜன எரிய விடாம தின்னுடற பெட்டி, வடிகட்டி ஆவி வெளிய விடற வழி, இப்படி. பிரான்ஸ்ல 900 மெகாவாட் உலை 32க்கு 2021 பிப்ரவரில 40க்கு மேல ஓட்டலாம்னு சொன்னப்ப, உலை உருகிக் கீழ வந்தா பரவி ஆறற மாதிரி தரையத் தயார் பண்ணு, அவசரத்துக்குத் தனித் தண்ணி வழி வைய்யின்னு கண்டிஷன் போட்டாங்க, அதோட ஒவ்வொரு உலைக்கும் தனித்தனியாப் பரிசோதனை.

நியூஸ்ல இத்தன நூறு கோடியில அப்கிரேடுன்னு மட்டும் போட்டா இந்த மூனுல எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சிப் பாருங்க. பெரும்பாலும் காசு மொத ரெண்டுக்குப் போகும், பேச்சு மூனாவதப் பத்தி இருக்கும். அப்புறம் பழைய உலையோட சக்திய கூட்டுறதும் அப்கிரேடுன்னே சொல்வாங்க, அது கரண்டுக்கு அப்கிரேடு, பைப்புல தண்ணி இன்னும் வேகமாப் போகும், தேய்மானக் கணக்க மறுபடி போடணும்.

கடைசியா: அறிக்கையத் திறந்து படிக்கிறது

பயப்படாதீங்க, நூத்துக்கணக்கான பக்கம் இருக்கும், முழுசும் படிக்க வேண்டாம். என்.ஆர்.சி. அவங்க பேப்பர் எல்லாத்தையும் இன்டர்நெட்ல போடுறாங்க, அணுப் பாதுகாப்பு ஒப்பந்தத்துல இருக்கிற நாடுங்க மூனு வருஷத்துக்கு ஒரு தேசிய அறிக்கை எழுதணும், அதுலயும் நெறைய கெடைக்கும். மொதல்ல கண்டிஷன் பக்கம், அதாவது லைசென்ஸ் குடுத்தோம் ஆனா இதெல்லாம் செய்யணும்னு வச்ச பட்டியல், தேதியோட இருக்கா பாருங்க. அப்புறம் விதிவிலக்கு கேட்ட எடம். அப்புறம் எட்டாத எடம், மண்ணுக்கடியில போற பைப், செவத்துக்குள்ள போற பைப்.

குடுத்த லைசென்ஸ் குடுத்ததுதான்னும் நெனைக்காதீங்க. ஃப்ளோரிடாவுல டர்க்கி பாயின்ட்டுக்குத்தான் மொத மொத 80 வருஷம் குடுத்தாங்க, 2019 டிசம்பர்ல. 2022 பிப்ரவரில சுற்றுச்சூழல் ஆய்வு சரியாப் பண்ணலன்னு என்.ஆர்.சி.யே அத பின்னால இழுத்துடுச்சு, ஆய்வத் திரும்பப் பண்ணி 2024 செப்டம்பர்லதான் மறுபடி குடுத்துச்சு. நீங்க படிக்கிற நியூஸ் எந்த வருஷத்து நியூஸ்னு பாத்துக்குங்க, வாட்ஸ்அப்புல எல்லாமே இன்னிக்கு நடந்த மாதிரிதான் வரும்.

இன்னொன்னு, மறைச்ச கத இருக்கான்னு அந்த நிலையத்தோட பேரப் போட்டுத் தேடுங்க. கொரியாவுல கோரி 1, 30 வருஷம் முடிச்சி 10 வருஷ நீட்டிப்புல ஓடிக்கிட்டிருந்த உலை, 2012 பிப்ரவரில 12 நிமிஷம் மொத்தக் கரண்டும் போயி அவசர டீசலும் ஓடல, உலை அப்ப நிறுத்தி வச்சிருந்ததால தப்பிச்சது, ஆனா அங்க இருந்தவங்க ஒரு மாசத்துக்கு மேல ரெகுலேட்டருக்கே சொல்லல. 12 நிமிஷத்தவிட அந்த ஒரு மாசம்தான் எனக்குப் பெருசாத் தெரியுது. 2017 ஜூன்ல மூடிட்டாங்க.

பையன் போன வாரம் ஒரு அறிக்கைய டவுன்லோடு பண்ணி, மண்ணுக்கடியில போற பைப் பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தான், "மாமா, கண்காணிப்புத் திட்டம் இருக்குன்னு போட்டிருக்கு, அப்ப ஓகேதான?" நான் ஆலைல இருந்தேன், கையெல்லாம் ஜெல், ஒரு விரல்ல டைப் பண்ணேன்: 10 வருஷத்துல எத்தன எடத்துல தோண்டிப் பாப்பாங்க, ஒவ்வொரு குழியும் எத்தன அடி, எந்த எடம்னு யாரு முடிவு பண்றது, அது அடுத்த பக்கத்துல இருக்கும், தேடு.